சோடனைக்காரருக்கு மணவறைச் சட்டத்துக்கு மட்டும் காசு கொடுங்கள்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆவணியில் தங்கச்சிக்குக் கலியாணம், மண்டபம் எடுத்தாச்சு. மச்சான், மச்சாள்மார், கூட்டாளிமார் என்று 12 பேர் சேர்ந்து சோடனையைக் கையாலேயே செய்ய ஆசைப்படுகிறார்கள். சோடனைக்காரரோ "வீட்டுப் பிள்ளைகள் செய்தால் விடியிறதுக்குள்ள வாடிப்போகும்" என்று சொல்லி, முழுக் காசையும் முன்பணமாகக் கேட்கிறாராம். என்ன செய்ய?

தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் தாள் வாங்கக் கடைக்குப் போகுமுன் மண்டபத்துக்குப் போய், சாவி எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முதல்நாள் பின்னேரம் என்று வாயால் சொல்லிவிட்டு இரவு பதினொரு மணிக்குத் திறந்துவிடும் மண்டபங்களை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். வெளியாள் சோடித்தால் தனிக்காசு என்று கடைசி நாளில் புதுக்கதை சொல்வதும் உண்டு. பற்றுச்சீட்டில் இல்லாத காசைக் கொடுக்காதீர்கள்.

முழு முன்பணம் யாருக்கும் வேண்டாம். "பெக்கேஜ்" என்பதில்தான் சுத்துமாத்து எல்லாம் இருக்கிறது. மணவறை, வாசல், மேசை, பூ, லைட் எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சொல்வார்கள், பிரித்துக் கேட்டால் முகம் சுழிப்பார்கள். நீங்கள் பிரித்துத்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு அவரிடமிருந்து தேவைப்படுவது ஒன்றே ஒன்று, மணவறைச் சட்டம்.

அதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். மாமா தச்சு வேலை செய்பவர் என்றாலும் வேண்டாம். அவர் செய்யும் கதவு நூறு வருஷம் நிற்கும், அது வேறு. மணவறைச் சட்டத்தை நிலத்தில் ஆணி அடித்து நிறுத்த முடியாது, பாரத்தில்தான் நிற்க வேண்டும். அதில் பூவும் துணியும் தொங்கும், படம் பிடிக்கிறவர் சாய்வார், சின்னப் பிள்ளைகள் காலைப் பிடித்து ஆட்டுவார்கள், கீழே பொண்ணும் மாப்பிள்ளையும் இருப்பார்கள். வெறும் சட்டத்தை வாடகைக்கு எடுங்கள், பூட்டிக் கொடுப்பது அவர் பொறுப்பு என்று துண்டில் எழுதுங்கள். மின்சார வேலையும் தெரிந்தவரிடமே இருக்கட்டும்.

மிச்சம் உங்களுடையது. வாடுகிற சாமான் கடைசியில், வாடாத சாமான் முதலில், இவ்வளவுதான் கணக்கு. தாள் பூக்களையும் துணி மாலைகளையும் இரண்டு கிழமைக்கு முன்பே செய்து பெட்டியில் வைக்கலாம். சிவப்புக் கிரேப் தாளை மணவறைக்கு மேலே கட்டாதீர்கள். பூவுக்குத் தெளிக்கும் தண்ணீர் பட்டால் சாயம் இறங்கும், இறங்குவது கூறைச் சேலையில். ரெஜிபோம் என்கிற பாரமில்லாத வெள்ளை அட்டையில் எழுத்து வெட்டினால் ஸ்பிரே பெயின்ற் அடிக்காதீர்கள், அது ரெஜிபோமையே உருக்கிவிடும். தண்ணீர்ப் பெயின்றும் வெள்ளைப் பசையும் போதும். ஓமகுண்டத்துப் பக்கம் இதில் எதுவும் வேண்டாம். பொலித்தீன் ரிப்பனும் வேண்டாம். விழாச் சோடனைக்குப் பொலித்தீன் பாவிக்கக்கூடாதென்று 2017 செப்டெம்பரிலேயே வர்த்தமானியில் வந்தாயிற்று, இன்றைக்கும் கட்டுகிறார்கள், கேட்க ஒருத்தருமில்லை.

குருத்தோலைதான் உங்களைக் காப்பாற்றும், காசும் குறைவு. முதல்நாள் காலையில் வெட்டுவியுங்கள். மரமேறுகிறவரிடம் குருத்தின் மேல்பாதியை மட்டும் வெட்டச் சொல்லுங்கள். தென்னைக்கு உயிர் ஒரே இடத்தில், ஆழ வெட்டினால் மரம் பட்டுப்போகும். அப்புறம் வெட்டியதை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். ஆவணியில் வரண்ட கச்சான் காற்று அடங்கியிருக்காது, வாசலில் விரித்துப் போட்டால் பின்னேரத்துக்குள் ஓரம் கருகிச் சுருண்டுவிடும். சோடனைக்காரர் சொன்ன வாட்டம் இதுதான், வீட்டுப் பிள்ளைகளின் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரவில் பாயை விரித்து எல்லோருமாக இருந்து ஓலையை மடியுங்கள். கலியாணத் தோரணத்தில் ஓலையில் மடித்த நாலு குருவி, தலை மேலே பார்க்க வேண்டும். மூன்று குருவி தலைகீழாகத் தொங்கினால் அது செத்தவீட்டுத் தோரணம். போனில் பார்த்துப் பழகுகிற பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. அதனால் முதலாவது தோரணம் முடிந்ததும் அம்மம்மாவிடம் தூக்கிக் காட்டுங்கள், அவர் சரி என்ற பிறகு மற்றதை மடிக்கலாம்.