ஸ்டெப்னி இல்லாத விமானம்

அன்புள்ள ஐயா,

நாமக்கல்லில் எங்கள் குடும்பத்துக்கு லாரித் தொழில். நானும் இரண்டு நண்பர்களும் சேலத்தைத் தளமாக வைத்து ஒரு சிறு விமான நிறுவனம் தொடங்கப் போகிறோம். சுமார் 70 பேர் அமரும் ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து சென்னை, பெங்களூரு, கொச்சி என்று தினமும் ஆறு நடை. சிறு ஊர்களுக்கு விமானம் விட மத்திய அரசு தரும் உடான் திட்ட மானியம் கிடைத்தால் சமாளித்துவிடலாம் என்பது எங்கள் கணக்கு. இணைத்திருக்கிறேன். ஏடிஆர் சரியா, 19 இருக்கை விமானம் சரியா? சின்ன நிறுவனங்கள் ஏன் சீக்கிரமே படுத்துவிடுகின்றன? பெரியவர்கள் கட்டணத்தைக் குறைத்து நசுக்குவதாலா? பெயர், சின்னம், சீருடை எல்லாம் முடிவாகிவிட்டன.

க., நாமக்கல்

அன்புள்ள க.,

சீருடையைப் பற்றி இப்போது பேச வேண்டாம். ஏடிஆரா, 19 இருக்கையா என்பதற்கும் சுருக்கமாகவே பதில். சேலத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர், ஏடிஆருக்குத் தாராளம். 19 பேரை ஏற்றினாலும் 72 பேரை ஏற்றினாலும் விமானிகள் இருவர்தான். அந்தச் சம்பளத்தை 19 டிக்கெட்டில் பிரிப்பது கடினம். 40,000 கிலோவுக்குக் குறைந்த விமானத்துக்கு எரிபொருள் விற்பனை வரி குறைவு என்ற சலுகை இரண்டுக்குமே உண்டு. ஆகவே ஏடிஆர்.

உங்கள் கணக்கைத் திறந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு விமானம், தினம் ஆறு நடை, ஆண்டுக்கு 365 நாள் என்று போட்டிருக்கிறீர்கள். லாரிக்காரர் வீட்டுப் பிள்ளை போடுகிற கணக்கா இது? எஃப்.சி. காட்டும் நாட்களையும் பட்டறையில் கிடக்கும் நாட்களையும் கழிக்காமல் உங்கள் அப்பா ஒரு லாரிக்காவது வரவு எழுதியிருப்பாரா? ஸ்டெப்னி இல்லாத வண்டியில் லோடு ஏற்ற விடுவாரா?

ஒரு நடைக்கு 1 மணி 10 நிமிடம் என்றால் நாளுக்கு 7 மணி நேரம். ஏடிஆருக்கு 750 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏ-செக் என்ற சிறு பராமரிப்புச் சோதனை, சில ஆயிரம் மணிக்கு ஒருமுறை சி-செக் என்ற பெரிய சோதனை. அதாவது மூன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஓரிரு நாளும், சில ஆண்டுக்கு ஒருமுறை வாரக்கணக்கிலும் வண்டி நிற்கும். இவை முன்கூட்டியே தெரிந்தவை. தெரியாமல் வருவதுதான் ஆளைச் சாய்க்கும். காலை முதல் நடையில் ஒரு பறவை புரொப்பெல்லரில் அடிக்கிறது, அல்லது டயர் கிழிகிறது, அல்லது எஞ்சினைக் கிளப்பி மின்சாரமும் தரும் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் போகிறது. அன்றைய ஆறு நடையும் போயிற்று. நடைக்கு 50 பேர் என்றால் 300 பேர். ரத்தாவதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், பணத்தைத் திருப்பித் தருவதோடு விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி இழப்பீடும் உண்டு. ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், அதைத் தாண்டி இரண்டு மணி நேரம் வரை 7,500, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இவற்றில் எது குறைவோ அது. சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலும் பஸ்ஸும் இருக்கின்றன. இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாம் முறை உங்களிடம் வரமாட்டார்.

சில கோளாறுகளோடு பறக்கலாம். எதெது என்பதற்கு எம்இஎல் என்ற பட்டியல் இருக்கிறது. பி வகைக் கோளாறை 3 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், சி வகையை 10 நாளுக்குள். உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து கிளம்பி, சுங்கம் தாண்டி, சேலம் வந்து சேர 3 நாள் போதுமா? நான்காம் நாள் விமானம் தரையில். பெரிய நிறுவனத்துக்கும் இதே கோளாறு வரும். இண்டிகோவிடம் நாற்பதுக்கு மேல் ஏடிஆர் இருக்கிறது, ஒன்று நின்றால் இன்னொன்றை அனுப்புவார்கள், பயணிக்குத் தெரியவே தெரியாது. நசுக்குகிறார்களா என்று கேட்டீர்களே, கட்டணம் இரண்டாம்பட்சம். ஐந்து விமானத்துக்கு ஒரு ஸ்டெப்னி வைத்தால் செலவு ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஒரு விமானத்துக்கு ஒன்று வைத்தால் இரட்டிப்பாகும். சின்னவர் தாங்க முடியாத சுமை இதுதான். தாங்க முடியாது என்று ஸ்டெப்னியே இல்லாமல் கிளம்புகிறார்கள்.

2017இல் உடானின் முதல் சுற்றில் கொடுத்த 128 தடங்களில் ஏர் ஒடிசாவுக்கு 50, ஏர் டெக்கானுக்கு 34. இருவரிடமும் இருந்த விமானங்கள் மிகச் சில. பெரும்பாலான தடங்களில் சேவை நிலைக்கவில்லை. மூன்றாம் சுற்று வரை கொடுத்த 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை, தொடங்கிய 371இல் 112தான் மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முடித்தன என்று அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை சொல்கிறது. சேலமும் பட்டிருக்கிறது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் என்ற விமான நிறுவனம் வந்தது, பிறகு நின்றது, மறுபடி சேவை வர 2023 அக்டோபர் ஆயிற்று. மானியம் உங்களைக் காப்பாற்றும் என்று எழுதியிருக்கிறீர்கள். பறந்த நடைக்குத்தான் மானியம், தம்பி. ரத்தான நடைக்கு ஒரு பைசா வராது. வாடகையோ விமானம் நின்றாலும் டாலரில் ஓடும்.

அந்த வாடகை முதல் டிக்கெட்டுக்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும் என்பதும் உங்கள் கணக்கில் இல்லை. விமான நிறுவன உரிமம் பெற ஐந்து கட்டங்கள். நான்காவதில் விமானத்தையும் ஆட்களையும் வைத்துப் பறந்து காட்ட வேண்டும். ஆகவே வருமானம் தொடங்கும் முன்பே விமானம் கைக்கு வந்திருக்க வேண்டும், இரண்டு மூன்று மாத வாடகை முன்பணமாகப் போயிருக்க வேண்டும். வேறு நிறுவனத்தில் இருக்கும் கேப்டன் விலக 12 மாத முன்னறிவிப்பு, துணை விமானிக்கு 6 மாதம். இன்று பேசி முடித்தவர் அடுத்த ஆண்டுதான் வருவார்.

இரவில் விமானத்தைச் சேலத்தில் நிறுத்தி, காலையில் ஊர்க்காரர்களைச் சென்னைக்குக் கொண்டுபோக ஆசைப்படுகிறீர்கள். நல்ல ஆசை, எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் விமானம் எங்கே படுக்கிறதோ அங்கே கையெழுத்திடும் உரிமம் பெற்ற பொறியாளரும், சக்கரம், பிரேக், பேட்டரி, ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரும் இருக்க வேண்டும். அவையெல்லாம் பெங்களூரில் இருந்தால், ஒரு டயருக்காக 200 கிலோமீட்டர் காரில் வர வேண்டும். அதற்குள் இரண்டு நடை போய்விடும்.

இப்படித் திருத்துங்கள். மூன்று விமானம் வரும்வரை டிக்கெட் விற்காதீர்கள். இரண்டுக்கு மட்டும் அட்டவணை போடுங்கள், மூன்றாவது நிற்கட்டும். ஆறு நடையை நான்காக்கி, நடுப்பகலில் இரண்டு மணி நேரம் வெறுமனே விடுங்கள். காலைத் தாமதம் அங்கே கரைந்துவிடும், மாலைக்குப் போகாது. பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று உதிரிபாக ஒப்பந்தம் போட்டாலும் மேலே சொன்ன நான்கு பொருளும் உங்கள் கிடங்கில் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பணம் போதவில்லை என்றால் இன்னும் இரண்டு ஆண்டு சேர்த்துவிட்டு வாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புதுக் கணக்கை முதலில் அப்பாவிடம் காட்டுங்கள். விமானம் நிற்கும் நாட்களைத் தனியாக எழுதிக் கழித்திருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்வார். பிறகு எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் படிக்கிறேன்.