மலைக்குளிரில் டரன்டுலாவுக்கு இரைப்பூச்சி: எதை வாங்குவது, எப்படி வைத்திருப்பது?

கேள்வி: வீட்டில் இரண்டு டரன்டுலா (ரோமம் நிறைந்த பெரிய சிலந்தி) இருக்கின்றன. ஒன்று வளர்ந்தது, மற்றது 2 செ.மீ. குஞ்சு. 200 கிரிக்கெட் (சுவர்க்கோழிப் பூச்சி), இரண்டு டப்பா, ஹீட்டிங் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), கால்சியம் பொடி எல்லாம் சேர்ந்த 'பிரீடிங் கிட்', அதாவது பூச்சியை வீட்டிலேயே பெருக்கும் தொகுப்பு, வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: வேண்டாம். முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். வளர்ந்ததற்குப் பத்து நாளைக்கு ஒரு பெரிய பூச்சி போதும். குஞ்சுக்கு வாரம் இரண்டு முறை, அதுவும் ஒரு சிறு துண்டு. இரண்டுக்கும் சேர்த்து மாதம் பத்துப் பன்னிரண்டு பூச்சிக்கு மேல் செலவாகாது. கிரிக்கெட்டின் வளர்ந்த ஆயுள் சில வாரம்தான் என்பதால், 200 வாங்கினால் பெரும்பகுதி சிலந்தியின் பக்கம் போகாமலே செத்துவிடும். முட்டை பத்து நாளில் பொரிய 28–30 டிகிரி சூடு தொடர்ந்து வேண்டும். கோத்தகிரி வீட்டறையில் இரவும் பகலும் அந்தச் சூடு நிற்காது. டப்பாவில் ஈரமும் செத்த பூச்சியும் சேர்ந்தால் அம்மோனியா நெடி ஏறி, மிச்சமும் இரண்டே நாளில் போய்விடும்.

உங்களுக்கு ஏற்றது மீல்வார்ம், அதாவது தவிட்டில் வளரும் ஒரு வண்டின் புழு. 100 புழு வாங்கினால் மாதக்கணக்கில் வரும். மலைக்குளிர் இங்கே உங்களுக்கு உதவிதான்: 15 டிகிரி அறையில் அது மெதுவாக வளரும், சீக்கிரம் கூட்டுப்புழுவாகாது. உட்சுவர் வழுவழுப்பான 5 லிட்டர் டப்பாவில் 5 செ.மீ. உயரத்துக்குக் கோதுமைத் தவிடு போடுங்கள். மூன்று நாளைக்கொருமுறை இரண்டு வில்லை கேரட் வையுங்கள். கேரட்டைத் தோல் சீவி, கொண்டைப் பக்கத்தை வெட்டிவிட்ட பிறகே வையுங்கள். பூச்சிமருந்து படிந்திருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கொடுக்கும்போது ஒரு விஷயம் முக்கியம். மீல்வார்மை அப்படியே விட்டால் நொடியில் மண்ணுக்குள் புகுந்துவிடும். அங்கேயே வண்டாக மாறி, சிலந்தி சட்டை உரித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும் நேரத்தில் அதைக் கடித்துவிடலாம். அதனால் இடுக்கியால் தலையை நசுக்கிவிட்டுக் கொடுங்கள். உடல் சற்று நேரம் நெளியும், சிலந்தி பிடிக்க அந்த நெளிவே போதும். குஞ்சுக்கு அரை செ.மீ. துண்டை அதன் பொந்து வாசலில் வையுங்கள். மறுநாள் தொடாமல் கிடந்தால் எடுத்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்கும். முழுப் பூச்சி கொடுப்பதானால் அது சிலந்தியின் வயிற்றுப் பகுதியைவிட நீளமாக இருக்கக் கூடாது.

சட்டை உரித்த கையோடு இரை போடாதீர்கள். அது கூண்டின் கண்ணாடி ஓரம் மல்லாந்து கால் நீட்டும்போது டார்ச் அடித்துப் பல்லைப் பாருங்கள். புதுப்பல் முதலில் பால் வெள்ளையாக இருக்கும், பிறகு செம்பழுப்பாகும், கடைசியில்தான் கன்னங்கறுப்பாகும். கறுத்த பிறகே இரை. குஞ்சுக்கு நாலைந்து நாள், வளர்ந்ததற்குப் பத்து நாளுக்கு மேலும் ஆகலாம். கால்சியம் பொடி பல்லிக்கும் ஓணானுக்கும் தேவைப்படுவது. சிலந்தியின் ஓடு கைட்டினும் புரதமும் சேர்ந்தது, அதற்கு இந்தப் பொடி வேண்டியதில்லை.

கேள்வி: ஆனி, ஆடி மழையில் மீல்வார்ம் டப்பா கட்டிதட்டி, பழுப்பாகப் பொடி சேர்ந்துவிட்டது. பயந்து சூப்பர்வார்ம் (மீல்வார்ம் போன்ற, இன்னும் பெரிய புழு) வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தேன், எல்லாம் செத்துவிட்டன. (உதகை வாசகர்)

பதில்: சூப்பர்வார்ம் குளிர் தாங்காது, அதை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. மீல்வார்ம் தாங்கும், வாரம் ஒருநாள் வெளியே எடுத்துக் கேரட் கொடுத்தால் போதும். மார்கழி, தை உறைபனி நாட்களில் உதகையின் சூடில்லாத அறையிலேயே சூப்பர்வார்ம் செத்துப்போகும். அங்கே அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

அந்தப் பொடி எச்சமாக இருந்தால் கவலையில்லை, மைட் எனும் நுண்ணிய உண்ணியாக இருந்தால் டப்பாவிலுள்ள தவிடே வீண். ஒரு ஸ்பூன் பொடியை எடுத்துக் கறுப்புத் தாளில் கூம்பாகக் குவித்துப் பத்து நிமிடம் விடுங்கள். எச்சம் குவித்தபடியே நிற்கும். உண்ணி இருந்தால் குவியல் தானாகச் சரிந்து தட்டையாகி, ஓரத்தில் வெளிறிய புள்ளிகள் ஊரும். அப்படியானால் புழுக்களைச் சல்லடையில் சலித்துப் புதுத் தவிட்டுக்கு மாற்றுங்கள், பழையதை மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் கொட்டுங்கள். புதுத் தவிட்டையும் அதேபோல மூன்று நாள் உறையவைத்து, அறைச்சூட்டுக்கு வந்தபின் பயன்படுத்துங்கள். மாட்டுத் தீவனக் கடையில் வாங்கினால் 'கலப்புத் தீவனம் வேண்டாம், வெறும் கோதுமைத் தவிடு' என்று சொல்லிக் கேளுங்கள். மழை மாதங்களில் கேரட்டை ஒரு வில்லையாகக் குறைத்து, மறுநாளே எடுத்துவிடுங்கள். மூடியில் உள்ளங்கை அகலம் வெட்டி வலை ஒட்டினால் ஈரம் வெளியேறும்.

கேள்வி: இரைக்காக டூபியா எனும் கரப்பான் இனத்தை வளர்த்தால் நல்லதா? என்னிடம் பன்னிரண்டு சிலந்திகள் உண்டு. (கொடைக்கானல் வாசகர்)

பதில்: பன்னிரண்டுக்கு நியாயம்தான். டூபியா வழுவழுப்பான சுவரில் ஏறாது, நாறாது, சத்தம் போடாது. ஆனால் குட்டி போட 28–32 டிகிரி வேண்டும். தெர்மோகோல் பெட்டிக்குள் டப்பாவை வைத்து, அதன் பக்கவாட்டில் சிறு ஹீட்டிங் மேட் ஒட்டி, தெர்மோஸ்டாட்டில் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இணையுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட் மட்டும் வாங்காதீர்கள், தெர்மோகோல் உருகும். கரப்பான் தங்க, கோழிமுட்டை அடுக்கும் அட்டைகளை உள்ளே நிமிர்த்தி நிறுத்துங்கள், எச்சம் கீழே விழும். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்ற விகிதத்தில் தொடங்கி, முதல் ஐந்தாறு மாதம் எதையும் இரைக்கு எடுக்காமல் பொறுத்திருங்கள். அதே மேட்டைச் சிலந்திக் கூண்டுக்கு அடியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். சூடு தாங்காத டரன்டுலா தப்பிக்க மண்ணைத் தோண்டிக் கீழே இறங்கும், அங்கேதான் சூடு அதிகம். மிச்சமான பூச்சியைச் சோலைப் பக்கம் விடுவது பெரிய தவறு. அது வெளிநாட்டு இனம்; இரண்டு நாள் உறையவைத்துவிட்டே குப்பையில் போடுங்கள்.

கேள்வி: தேயிலைத் தோட்டத்து வெட்டுக்கிளி இலவசமாகக் கிடைக்கிறதே? (குன்னூர் வாசகர்)

பதில்: தொடவே தொடாதீர்கள். தெளித்த மருந்து அதன் உடம்பில் இருக்கும், பூச்சியைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும். இரைப்பூச்சி இருக்கும் அறையில் கொசுவர்த்தியும் லிக்விடேட்டரும் கூடாது.

கேள்வி: சமவெளியிலிருந்து கூரியரில் வரவழைத்த கிரிக்கெட் முழுவதும் செத்து வந்தது. 'உயிருள்ள பொருளுக்குப் பணம் திருப்ப மாட்டோம்' என்கிறார் விற்றவர். (கூடலூர் வாசகர்)

பதில்: அப்படிச் சொல்ல அவருக்கு உரிமையில்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறையுள்ள, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத, அல்லது தாமதமாக வந்த பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. 1915-இல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; 2019 சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது.

அடுத்தமுறை பணம் அனுப்புமுன் உயிருடன் வரும் உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். திங்கள், செவ்வாயில் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளியன்று கிளம்பும் பார்சல் ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடக்கும். பார்சல் வந்ததும் முகவரிச் சீட்டில் தொடங்கி, ஒட்டுநாடாவை அறுத்துப் பூச்சிகளை எண்ணி முடிக்கும் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். குளிரில் விறைத்த பூச்சி செத்ததுபோலவே கிடக்கும். ஒரு மணி நேரம் அறைச்சூட்டில் வைத்து மறுபடி எண்ணி, அதையும் பதிவு செய்யுங்கள்.