வீடு பார்க்கப் போகும்போது வளர்ப்புப் பிராணியை அழைத்துச் செல்லலாமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மூன்று, வீடு பார்ப்பதையும் வீட்டுப் பிராணிகளையும் பற்றியவை. மூன்றும் மலேசியாவின் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்தவை. தோட்டத்து வீடுகளைக் காலி செய்துவிட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு மாறும் குடும்பங்கள் இன்னமும் அங்கு இருப்பதால், இதில் எனக்கு வியப்பில்லை. தோட்டத்தில் யாரிடமும் கேட்காமல் வளர்ந்த நாய்க்கும் பூனைக்கும் பட்டணத்தில் பிறருடைய சம்மதம் தேவைப்படுகிறது. அந்தச் சம்மதத்தை எப்போது, எப்படிக் கேட்பது என்பதில்தான் நம்மவர் பலர் தடுமாறுகிறார்கள்.

கேள்வி: வணக்கம் அம்மா. என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் பணி ஓய்வு பெறுவதால், தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்தில் வாடகை வீடு தேடுகிறோம். எங்களிடம் எட்டு வயது நாய் ஒன்று இருக்கிறது. தனியாக விட்டால் ஓயாமல் குரைக்கும் என்பதால், வீடு பார்க்கப் போகும்போது அதையும் அழைத்துச் செல்லலாம் என்று நினைக்கிறேன். வீட்டு முகவரும், “வீடு காலியாகத்தான் கிடக்கிறது, பரவாயில்லை” என்கிறார். என் மகனோ, “நாய் இருப்பதைச் சொன்னால் யாரும் வீடு தரமாட்டார்கள், குடிவந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்” என்கிறான். எது முறை?

பதில்: சகோதரி, முதல்முறை வீடு பார்க்கப் போகும்போது நாயை அழைத்துச் செல்ல வேண்டாம். ஆனால் நாய் இருப்பதை, வீட்டைப் பார்க்க நாள் குறிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இவை இரண்டும் வெவ்வேறு காரியங்கள். நாயை வீட்டில் விட்டுச் செல்வது வீட்டுக்காரருக்கு நீங்கள் தரும் மரியாதை. நாய் இருப்பதையே மறைப்பது அவருக்குச் செய்யும் வஞ்சனை. இந்த வேறுபாட்டை உங்கள் மகனுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

வீடு காலியாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று முகவர் சொல்வது பலருக்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் முகவர் வீட்டின் உரிமையாளர் அல்லர். அவருடைய சம்மதம் உரிமையாளரின் சம்மதம் ஆகாது. உரிமையாளரிடம் கேட்டு, அவர் பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பும்படி முகவரிடம் சொல்லுங்கள். அது தவிர, காலியாகக் கிடக்கும் வீடு நாய்க்கே கெடுதலாக அமையக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. முன்பு குடியிருந்தவர்கள் நாயோ பூனையோ வளர்த்திருந்தால், தெள்ளுப்பூச்சியின் கூட்டுப்புழுக்கள் தரை இடுக்குகளில் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். பூட்டிய வீட்டுக்குள் யாராவது நடக்கும் அதிர்வும் உடல் வெப்பமும் பட்டவுடன் அவை கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். நாய் உண்ணியோ சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டியாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம், ஏனெனில் நாய்களைத் தாக்கும் பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் அழியாமல் இருக்கும். பூட்டிய வீட்டில் எலி நடமாட்டம் இருந்தால், எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சலும் நாயைப் பிடிக்கலாம். உங்கள் நாய் புதிய இடத்தில் தன் எல்லையைக் குறிக்கக் காலைத் தூக்கினால், பூசாத சிமெண்டுத் தரை அந்த வாடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்து வீடு பார்க்க வருபவர் அதை முகர்ந்து முகம் சுளித்தால், இழப்பு வீட்டுக்காரருக்கு.

நீங்கள் பார்க்கப்போகும் வீடுகளில் சில காலியாக இருக்காது. குடியிருப்பவர்கள் உள்ளே இருக்கும்போதே முகவர் உங்களை அழைத்துச் செல்வார். அவர்கள் மலாய்க்காரர்களாக இருக்கலாம். நம் நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மரபின்படி, நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். நீங்கள் பத்து நிமிடம் வந்து பார்த்துவிட்டுப் போன வீட்டின் தரையையும் தொழுகை விரிப்பையும் அவர்கள் அன்று முழுவதும் கழுவிக்கொண்டிருக்க நேரிட்டால், அதற்கு நீங்கள் காரணமாகலாமா? அவர்கள் நாயை வெறுப்பவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். தெருவில் பசியோடு நிற்கும் நாய்க்குச் சோறு வைக்கும் மலாய் அண்டைவீட்டாரும் உண்டு. நம்மவர் வீடுகளிலும் பூஜை அறைப் பக்கம் நாய் வருவதை விரும்பாதவர்கள் பலர். ஆஸ்துமா உள்ள பிள்ளையோ நாயைக் கண்டால் நடுங்கும் முதியவரோ அந்த வீட்டில் இருக்கலாம். வாசலில் நிற்கும் உங்களிடம் “நாயை உள்ளே கொண்டுவராதீர்கள்” என்று சொல்ல அவர்கள் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாயைக் காரில் விட்டுவிட்டு, “ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்” என்று போவதும் அறவே வேண்டாம். வெயிலில் நிறுத்திய காரின் உட்புற வெப்பம் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் கூடிவிடும். கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்தாலும் பெரிய மாற்றம் இராது. வீடு பார்ப்பது ஒருபோதும் ஐந்து நிமிடத்தில் முடிவதில்லை. நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். மூடிய காரில் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம், பிராணியின் நலனைக் காக்கும் கடமையை உரிமையாளர் மீது சுமத்துகிறது. கொடுமை இழைத்ததாக நிரூபணமானால் 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. நீங்கள் இன்னும் தோட்டத்தில்தானே இருக்கிறீர்கள். நாய்க்குப் பழக்கமான பக்கத்து வீட்டாரிடம் இரண்டு மணி நேரம் விட்டுச் செல்லுங்கள். தனியாக இருக்கப் பழகாத நாயை இப்போதிருந்தே சிறிது சிறிதாகப் பழக்குவதும் அவசியம். தாமானில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஓயாத குரைப்பைப் பற்றி ஒருநாள் அண்டைவீட்டாரிடமிருந்து புகார் வரும்.

இனி உங்கள் மகன் சொல்லும் யோசனைக்கு வருகிறேன். பிள்ளை உங்கள் சிரமத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறான் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது மிகவும் தவறான யோசனை. நாய் வளர்ப்பவருக்கு வீடு கொடுத்தே ஆகவேண்டும் என்று வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் நம் நாட்டில் இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே செல்லும். பிராணி கூடாது என்ற வரி அதில் இருக்க, நீங்கள் கையெழுத்திட்டுவிட்டு நாயோடு குடியேறினால், வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை முறிக்கவும் முன்பணத்தில் கைவைக்கவும் வழி பிறந்துவிடும். இரண்டு மாத வாடகையைப் பிணைத்தொகையாகவும், ஒரு மாத வாடகையை முன்பணமாகவும், தண்ணீர் மின்சாரத்துக்கு இன்னொரு அரை மாத வாடகையையும் கொடுத்துத்தான் நம்மில் பெரும்பாலோர் வீடெடுக்கிறோம். ஓய்வுபெற்ற குடும்பத்துக்கு அது சிறு தொகை அன்று. அப்படி வெளியேற்றப்படும் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது நாய்தான். தோட்டத்து முகப்பில் கட்டிப்போட்டுவிட்டுப் போன நாய்களை நான் பார்த்திருக்கிறேன். எட்டு வயது நாய்க்கு அந்தக் கதி வரக்கூடாது.

அடுக்குமாடி வீடு பார்ப்பதானால் உரிமையாளரின் சம்மதம் மட்டும் போதாது. 2015-ஆம் ஆண்டின் அடுக்குமாடிப் பராமரிப்பு நிர்வாக விதிமுறைகளின்படி, பிற குடியிருப்பாளர்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ தரக்கூடிய பிராணியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. நிர்வாகம் எழுத்துமூலம் அறிவித்தால் மூன்று நாட்களுக்குள் அதை அகற்ற வேண்டும். ஆகவே நிர்வாக அலுவலகத்திலும் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். இவ்வளவு போதும்: “வணக்கம் ஐயா. நாங்கள் குடும்பத்தில் மூவர். எட்டு வயது நாய் ஒன்று வளர்க்கிறோம். நகராண்மைக் கழக உரிமமும் தடுப்பூசி அட்டையும் இருக்கின்றன. தங்கள் வீட்டில் நாய் வளர்க்க அனுமதி உண்டென்றால் பார்க்க வருகிறோம். பார்க்க வரும்போது நாயை அழைத்து வரமாட்டோம்.” இதைப் படித்துவிட்டுச் சிலர் மறுப்பார்கள். அதில் வருந்த எதுவுமில்லை. அவர்கள் உங்கள் பெட்ரோல் செலவையும் ஒரு நாள் அலைச்சலையும் மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். நாய்க்கு இன்னும் உரிமம் எடுக்கவில்லை என்றால், உங்கள் வட்டாரத்துக்குரிய கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் முதலில் அதை எடுத்துவிட்டு இந்தச் செய்தியை அனுப்புங்கள்.

வீடு பிடித்து, வீட்டுக்காரரும் இசைந்த பிறகு, கையெழுத்திடுவதற்கு முன் ஒருமுறை நாயோடு வரலாமா என்று கேளுங்கள். இந்த இரண்டாவது வருகை மிகவும் பயனுள்ளது. உண்ணி மருந்து போட்டு, குளிப்பாட்டி, போகும் வழியிலேயே மலஜலம் கழிக்க வைத்து, குறுகிய கயிற்றில் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். கையில் பிளாஸ்டிக் பையும் ஒரு போத்தல் தண்ணீரும் இருக்கட்டும். அழைத்தால் ஒழிய, கார் நிறுத்தும் முன்தளத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டாம். இரும்புக் கதவின் கம்பி இடைவெளியில் நாய் நுழைந்துவிடுமா, பின்வாசல் லோங்காங்கில் (சாக்கடையில்) விழுந்துவிடுமா, பிற்பகலில் முன்தளத்தில் நிழல் விழுகிறதா, பக்கத்து வீட்டு நாய் எப்படி நடந்துகொள்கிறது என்பவற்றையெல்லாம் அங்கேயே பார்த்துவிடலாம். பிறகு ஒப்பந்தத்தில் “ஒரு நாய் வளர்க்க அனுமதி” என்ற வரியை எழுதச் சொல்லுங்கள். வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது யார் சுத்தம் செய்வது, கதவில் நகக்கீறல் விழுந்தால் யார் சரிசெய்வது என்பதையும் அதிலேயே எழுதி, கையெழுத்திட்ட 30 நாட்களுக்குள் ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை செலுத்திவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டை வாடகைக்கு விடுகிறோம். சென்ற வாரம் பார்க்க வந்த ஒரு குடும்பம் முன்னறிவிப்பின்றி இரண்டு நாய்களைக் கொண்டுவந்தது. அவற்றில் ஒன்று கயிற்றை உருவிக்கொண்டு பூஜை அறைக்குள் ஓடிவிட்டது. என் மனைவி இன்னும் ஆறவில்லை. நல்ல குடும்பமாகத் தெரிகிறது. ஆனால் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. “வீடு வேறொருவருக்குப் போய்விட்டது” என்று சொல்லிவிடலாமா?

பதில்: அப்படிச் சொல்லாதீர்கள், ஐயா. சிறிய பட்டணத்தில் அடுத்த வாரமே “வாடகைக்கு” என்ற பலகையை அவர்கள் உங்கள் கேட்டில் பார்ப்பார்கள். மறுப்பைவிட அந்தப் பொய்தான் அவர்களை அதிகம் புண்படுத்தும். உங்கள் மனைவியின் வருத்தம் நியாயமானது. பூஜை அறையைக் கழுவி, கோலமிட்டு, விளக்கேற்றினால் மனம் தேறும். ஆனால் அந்தக் குடும்பத்தின் மீதுள்ள கோபத்தையும், நாய் வளர்ப்பவருக்கு வீடு தருவதா என்ற முடிவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்களை அழைத்து, அன்று நடந்தது உங்களுக்குச் சங்கடமாக இருந்ததை நேரடியாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டு அவர்கள் மன்னிப்புக் கேட்கிறார்களா, சாக்குச் சொல்கிறார்களா என்பதிலேயே அவர்கள் எத்தகைய குடித்தனக்காரர்களாக இருப்பார்கள் என்பது தெரிந்துவிடும்.

வீடு தர விருப்பமிருந்தால், நாய்களின் உரிமத்தையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டையையும் காட்டச் சொல்லுங்கள். 2015-இல் கெடா, பெர்லிஸ், பினாங்கு ஆகிய மாநிலங்களில் அந்நோய் தலைகாட்டியதை நினைத்துப் பார்த்தால், இது அவமதிப்பான கேள்வியல்ல என்பது அவர்களுக்கே விளங்கும். முடிந்தால், அவர்கள் இப்போது குடியிருக்கும் வீட்டைப் போய்ப் பாருங்கள். கதவும் தரையும் அங்கே எப்படி இருக்கின்றனவோ, அப்படித்தான் உங்கள் வீட்டிலும் இருக்கும்.

இனி வருபவர்களுக்கு, விளம்பரத்திலேயே “வீடு பார்க்க வரும்போது பிராணிகளை அழைத்து வர வேண்டாம்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதையும் மீறி யாராவது நாயோடு வந்து நின்றால், வாசலில் வைத்துக் கடிந்துகொள்ளாமல், ஒருவர் நாயோடு முன்தளத்தில் நிற்கட்டும், மற்றவர் உள்ளே வரட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். வெளியே நிற்பவருக்குக் குடிக்க ஏதேனும் கொடுங்கள். நாய்க்கும் ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள்.

கேள்வி: நாங்கள் வீட்டை விற்கிறோம். வீட்டில் நாய் ஒன்றும் பூனைகள் இரண்டும் உள்ளன. பார்க்க வருபவர்கள் நாயைக் கண்டு தயங்குகிறார்கள். பிராணிகளை என்ன செய்வது?

பதில்: வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அவர்கள் வரும் நேரத்தில் நாயை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பின்கட்டில் கட்டிப்போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். வாங்க வருபவர் பின்கட்டையும் குழாயடியையும் பார்க்காமல் போகமாட்டார். தன் இடத்துக்குள் அந்நியர் நுழையும்போது சாதுவான நாயும் பாயக்கூடும். பூனைகளை வேறு வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், ஏனெனில் பூனை ஆளைவிட இடத்தோடு ஒட்டிய பிராணி. ஓர் அறையில் தண்ணீரும் மணல் தட்டும் வைத்து விட்டு, “உள்ளே பூனை உள்ளது” என்று தமிழிலும் மலாயிலும் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். அந்த அறையை மட்டும் கடைசியில் நீங்களே திறந்து காட்டுங்கள். வருபவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சன்னல்களைத் திறந்து, மணல் தட்டை மாற்றிவிடுங்கள். பழகிப்போன மூக்குக்கு அந்த வாடை தெரியாது என்பதால், அடுத்த வீட்டுக்காரர் ஒருவரை உள்ளே அழைத்து, வாடை வருகிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.