ஸ்கூபா டைவிங்ல மாஸ்க்குக்குள்ள தண்ணி வந்தா பதறாம இருக்கிறது எப்படி?

மாஸ்க் முழுக்க தண்ணி நிறைஞ்சாலும் காத்து வர்றது வாயில இருக்கிற ரெகுலேட்டர் வழியாத்தான், அதனால மூச்சு நிக்கப் போறதில்ல. சிக்கல் மூக்குலதான், தண்ணி பட்டதும் உடம்பு தானா பதறும், அப்ப மூக்கால இழுத்துட்டா புரையேறிடும்.

அசையாம நின்னு வாயாலயே ரெண்டு மூணு தடவ மெதுவா மூச்சு இழுத்து விடுங்க. அப்புறம் மாஸ்க்கோட மேல் விளிம்ப விரலால நெத்தியோட சேத்து அழுத்திட்டு, லேசா அண்ணாந்து மூக்கால நிதானமா ஊதுங்க, காத்து மேல சேரச் சேர தண்ணி கீழ் விளிம்பு வழியா வெளிய போயிடும். சளி சிந்துற மாதிரி வேகமா ஊதினா காத்துதான் பக்கவாட்டுல போகும், தண்ணி அப்படியே நிக்கும்.

சட்டுனு மேல போயிடலாம்னு தோணும் பாருங்க, அதுதான் டேஞ்சர். 10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேல இருக்கிறத விட ரெண்டு மடங்கு, மூச்ச அடக்கிட்டு ஏறினா நுரையீரல்ல இருக்கிற காத்து ரெண்டு மடங்கா விரியப் பாக்கும், நுரையீரலே கிழியலாம்.

லீக்குக்குக் காரணம் பெரும்பாலும் உள்ள மாட்டின தலைமுடி, இல்லன்னா மீசை. ஸ்ட்ராப்ப இறுக்கினா சரியாகும்னு நினைக்காதீங்க, ரப்பர் மடங்கி இன்னும் ஒழுகும். மீசைய எடுக்க வேணாம், மூக்குக்குக் கீழ கொஞ்சம் ட்ரிம் பண்ணா போதும் (தப்பிச்சீங்க!).

பழகுறதுக்கு நீச்சல் குளத்துல, நிக்கிற ஆழத்துல, ட்ரெயினர் பக்கத்துல இருக்கும்போது மாஸ்க்கே இல்லாம ரெகுலேட்டர்ல மட்டும் ஒரு நிமிஷம் மூச்சு விட்டுப் பாருங்க. கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்க அவர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டு, கண்ண மூடிட்டே பண்ணுங்க.