மென்டவாய்த் தீவுகளின் கிப்பன்: கேள்வி பதில்

கேள்வி: கிப்பன் குரங்குதானே? மென்டவாய்க் கிப்பனை மற்றவற்றிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

பதில்: வால் இல்லை என்பதால் அது ஒராங்குட்டானைப் போன்ற வாலில்லாக் குரங்குகளின் வரிசையில், சிறிய வகையாக வைக்கப்படுகிறது. சுமத்ராவுக்கு மேற்கே சிபேருட், சிபோரா, வடக்கு பகாய், தெற்கு பகாய் ஆகிய தீவுகளில் மட்டுமே வாழும் இந்தக் கிப்பனை அங்குள்ளோர் ‘பிலோவ்’ என்பர். ஆண், பெண், குட்டி எல்லாமே முழுக் கறுப்பு. எடை ஏறக்குறைய 6 கிலோ. கால்விரல்களில் இரண்டுக்கு நடுவே சவ்வு இருப்பதால், 1903இல் முதன்முதலாக விவரித்தபோது இதை, அதே போன்ற சவ்வுள்ள பெரிய கிப்பனான சியாமாங்கின் பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

கேள்வி: கிப்பன் இணைகள் சேர்ந்து பாடும் என்கிறார்களே, இதுவும் அப்படித்தானா?

பதில்: இல்லை, இதன் தனித்தன்மையே அதில்தான் இருக்கிறது. விடிவதற்கு முன்பே, இருட்டில், ஆண் பாடத் தொடங்கும். பக்கத்து எல்லைகளின் ஆண்களும் மாறி மாறிக் குரல் கொடுக்கும். பெண்ணின் முறை பொழுது விடிந்த பிறகு வருகிறது. நீண்டு எழும் அதன் கூவல் மெல்ல ஏறி, வேகமான அதிர்வாக மாறி, பின்பு தணியும். உச்சத்தை எட்டும்போது அது கிளைவிட்டுக் கிளை பாய்ந்து இலைகள் சிதற மர உச்சியையே உலுக்கிவிடும். ஜாவாவின் வெள்ளிக் கிப்பனும் இணைந்து பாடுவதில்லை.

கேள்வி: நீந்துமா?

பதில்: நீந்தாது. தீவுக்குத் தீவு கூட்டங்கள் பிரிந்தே கிடக்கின்றன.

கேள்வி: இலைகளைத் தின்னுமா?

பதில்: மிகக் குறைவு. பழங்களும், குறிப்பாக அத்திப்பழங்களும், பூச்சிகளும் சிலந்திகளுமே உணவு. இலைகளை, இலை தின்னும் லங்கூர்க் குரங்குகளுக்கு விட்டுவிடுகிறது என்று சொல்லலாம்.

கேள்வி: புலி, சிறுத்தை இல்லாத தீவில் அதற்கு என்ன ஆபத்து?

பதில்: மலைப்பாம்பைத் தவிர்த்தால், மனிதன்தான். கொடிகள் படராத உயர்ந்த மரங்களையே அது உறங்கத் தேர்ந்தெடுக்கிறது. கொடியைப் பற்றி வேட்டைக்காரர் ஏறிவிடக் கூடாது என்பதே காரணம் என ஆய்வாளர்கள் கருதினர். முன்பு நச்சு அம்புகளால் வேட்டையாடிய தீவு மக்களிடம் வேட்டையைக் கட்டுப்படுத்தும் சில மரபுத் தடைகள் இருந்தன. அவை தளர்ந்து காற்றுத் துப்பாக்கி வந்ததும், மரம் வெட்டுவதற்குப் போட்ட பாதைகள் வேட்டைக்கு வழி திறந்ததும், என் கருத்தில், அம்பைவிடக் கொடியவை. சிபேருட்டில் 1993இல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்கா சுமார் 1,905 சதுர கிலோமீட்டர் காட்டைக் காக்கிறது. சிபோராவும் பகாய்த் தீவுகளும் அதன் எல்லைக்கு வெளியே இருக்கின்றன.