கடுகண்ணாவை ரோட்டோரத்து ரோலர்கள்

கேள்வி: கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவையில் பழைய ரோலர்கள் நிற்பதைப் பார்க்கிறேன். அது என்ன இடம் ஐயா? பிள்ளைகளோடு இறங்கிப் பார்க்கலாமா?
- ஒரு வாசகி, வத்தளை

பதில்: கட்டாயம் இறங்குங்கள், தங்கச்சி. அதுதான் நெடுஞ்சாலை நூதனசாலை. ரோடு போட்ட பழைய இயந்திரங்கள் வெளியிலேயே நிற்கின்றன.

என் அப்பா ரோட்டு ஓவசியர். காலை ஏழு மணிக்கு நீராவி ரோலர் உருள வேண்டுமென்றால் விடியுமுன்னமே நெருப்பு மூட்ட வேண்டும், நீராவி ஏறுமட்டும் அது ஓரடி அசையாது என்பார். முன் சில்லுக்குப் பக்கத்தில் உங்கள் பிள்ளையை நிறுத்திப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு நெஞ்சளவு வரும்.

ஆனால் கண்டி ரோட்டை முதலில் வெட்டியபோது இந்த ரோலர்கள் ஒன்றும் இல்லை. 1815இல் கண்டி வெள்ளைக்காரர் கைக்குப் போனது. 1817-18 கிளர்ச்சியில் மலைக்குள் படையை ஏற்றி இறக்கப் பட்ட பாடு அவர்களுக்கு மறக்கவில்லை. 1820இல் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் இந்த ரோட்டைத் தொடங்கினார். திட்டம் போட்டு நடத்தியவர் கப்டன் டோசன். அவர் 1829இல் கொழும்பில் இறந்தார். நண்பர்கள் காசு சேர்த்து அவருக்கு எழுப்பியதுதான், கலங்கரை விளக்கம் போல கடுகண்ணாவையில் நிற்கும் 125 அடிக் கோபுரம். அது எழும்பிய 1832இலேயே கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. அப்புறம் கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் இறங்கின. 1867இல் ரயில் வரும்வரை தோட்டத்துக் கோப்பிக்கு இதுதான் வழி.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள். கோபுரத்துக் கல்வெட்டில் டோசன் பெயர் இருக்கிறது. மலையை வெட்டிக் கல் உடைத்தவர்கள் இராஜகாரியத்துக்கு இழுத்து வரப்பட்ட கிராமத்து ஆட்கள். அரசனுக்குச் செய்துவந்த ஊழியத்தை வெள்ளைக்காரர் அப்படியே ரோட்டு வேலைக்குத் திருப்பிவிட்டார்கள். சம்பளம் கிடையாது. அந்த முறையை ஒழித்தது 1832இல், இந்த ரோட்டில் வண்டி ஓடத் தொடங்கிய அதே ஆண்டில். நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. கல்வெட்டில் அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

அதனால் எனக்குக் கோபுரத்தைவிட ஏற்றத்தில் இருக்கும் குடைந்த பாறைதான் பெரிது. இப்போதைய ரோடு அதைச் சுற்றிப் போகிறது. உள்ளே நுழைந்து சுவரில் கையை வைத்துப் பாருங்கள். அந்தக் கரடுமுரடு முழுவதும் மனிதக் கையால் ஆனது. பாறையைத் துளைத்து வருகிறவனிடம்தான் கண்டி விழும் என்று ஒரு பழைய வாக்கு இருந்ததாக அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்வார்கள்.

பஸ்ஸில் போனால் டோசன் கோபுரத்தடியில் இறக்கிவிடச் சொல்லுங்கள். நேரமிருந்தால் கடுகண்ணாவை ஸ்டேஷனில் ரயில் நூதனசாலையும் இருக்கிறது.