ஒரு போல்ட்டுக்கு ஏழு மணி நேரமா?

வணக்கம் சார்,

விண்வெளி நிலையத்துக்கு வெளியே இரண்டு பேர் சூரியத் தகடு மாட்டுகிற பழைய காணொளியை மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். ஏழு மணி நேரமாம்! எங்கள் புளோக்கில் பதினோராம் மாடிச் சுவருக்கு வெளியே ஏர்கான் மாட்ட வருகிறவர் மதியத்துக்குள் முடித்துவிட்டுப் போகிறார். எடையே இல்லாத இடத்தில் வேலை சுலபமாகத்தானே இருக்க வேண்டும்? ரோபோவை அனுப்பினால் என்ன?

எம்., ஈசூன்

அன்புள்ள எம்.,

எடை இல்லாததுதான் சிக்கலே. ஏர்கான்காரர் காலை ஊன்றி ஸ்பேனரைத் திருகுகிறார். அங்கே ஊன்ற இடமில்லை. போல்ட்டைத் திருகினால் ஆள் எதிர்ப்பக்கம் சுற்றிவிடுவார். அதனால் முதலில் காலை எதிலாவது பூட்டிக்கொள்ள வேண்டும், கருவி ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி வைக்க வேண்டும். (2008இல் ஒரு கருவிப் பையே கைநழுவி மிதந்து போய்விட்டது.) உடைக்குள் காற்றழுத்தம் இருப்பதால் கையுறை விறைத்து நிற்கும், விரலை மடக்குவதே உடற்பயிற்சிதான். சிலருக்கு நகம் கழன்றே போயிருக்கிறது.

நீங்கள் பார்த்தது 2021 ஜூனில் ஷேன் கிம்ப்ரோவும் தோமா பெஸ்கேயும் செய்த வேலை என்று நினைக்கிறேன். சூரியத் தகட்டைச் சுருட்டித்தான் கொண்டு போனார்கள், அந்தச் சுருள் சுமார் 340 கிலோ. எடை இல்லையே தவிர நிறை அப்படியே இருக்கிறது, வேகமாகத் தள்ளிவிட்டால் நிறுத்துவது பெரும்பாடு. முதல் நாள் கிம்ப்ரோவின் உடையில் தகவல் காட்டும் திரை நின்றுபோய், அவர் நிலையத்தின் வாசலான காற்றடைப்பு அறைக்குத் திரும்பி அதைச் சரிசெய்துவிட்டு வர வேண்டியதாயிற்று. அப்புறம் மடிந்திருந்த தகடு ஏதோ இடித்துக்கொண்டு விரிய மறுத்தது. நான்கு நாள் கழித்து மறுபடி போய்த்தான் விரித்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மின்கம்பி இணைக்கிற கட்டம். ஏர்கான்காரர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேலை பார்ப்பார். இங்கே மின்சாரம் தருவதே சூரியன், அதை எப்படி அணைப்பது? நிலையம் சுமார் 90 நிமிடத்தில் பூமியை ஒருமுறை சுற்றுகிறது, அதில் அரைமணிச் சொச்சம் இருட்டு. அந்த இருட்டு வரும்வரை காத்திருந்து, அதற்குள் இணைத்து முடிக்க வேண்டும். இணைத்த பிறகு விரிவதற்கு மோட்டார்கூட வேண்டாம், சுருட்டி வைத்த கார்பன் இழைத் தண்டுகளின் இறுக்கமே சில நிமிடங்களில் 18 மீட்டருக்கு நீட்டிவிடும்.

ரோபோ இல்லாமல் இல்லை. பெஸ்கே கால் பூட்டி நின்றதே கனடா செய்த ரோபோக் கையின் நுனியில்தான். அது தூக்கும், நகர்த்தும். எங்கே இடிக்கிறது என்று குனிந்து பார்த்துத் தடவி, லேசாக அசைத்துப் பொருத்துவதற்கு இன்னும் ஆள்தான் போக வேண்டியிருக்கிறது.